முகமூடிக்காரன் மக்கர் செய்தால்: வேலூர்ப் பட்டறையிலிருந்து

டிவி கேம் ரிப்பேருக்கு என்னிடம் வருகிறவர்களில் பலர் ஒரே ஆளின் மேல்தான் புகார் கொண்டு வருகிறார்கள். சிவப்பு அங்கி, தலையை மூடிய குல்லா, வெள்ளை முகமூடி, கண்ணுக்கும் வாய்க்கும் கறுப்பு ஓட்டை. சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2-இல் குடுகுடுவென்று நடந்து வரும் ஷை கை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவன் முகமூடிக்காரன். அதே கேமில் சாவியை எடுத்தால் பறந்து வந்து துரத்தும் வெறும் முகமூடி ஒன்றும் உண்டு, ஃபேன்டோ. புது வீட்டு வாசலில் தொங்கவிடும் திருஷ்டி பொம்மையின் முகம்தான் அச்சு அசல். அதனால் அதற்குத் திருஷ்டி மூஞ்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

இந்தப் புகார்களில் நிறைய பழுதே இல்லை. அவன் அப்படித்தான் நடந்துகொள்வான். அது தெரியாமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, நன்றாக இருந்த பெட்டியை நிஜமாகவே கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. அதனால் காசு செலவில்லாத அறிகுறிகளை முதலில் எழுதுகிறேன். உங்களுடையது எது என்று பார்த்து அங்கே போங்கள்.

முன்னதாகக் கேசட்டைச் சரிபாருங்கள். இந்த கேம் ஜப்பானில் 1987-இல் டோகி டோகி பேனிக் என்ற பெயரில் வேறு கதாபாத்திரங்களோடு வந்தது. 1988-இல் மரியோ கேமாக மாறி அமெரிக்காவுக்குப் போனது. அந்த மரியோ கேம் 1992-இல் சூப்பர் மரியோ யுஎஸ்ஏ என்று ஜப்பானுக்கே திரும்பி வந்தது. ஆகவே லேபிளில் 'யுஎஸ்ஏ' என்று இருந்தால் பயப்பட வேண்டாம், அதே முகமூடிக்காரன்தான். 'மரியோ 2' என்று எழுதியிருந்து, உள்ளே காளானைத் தலையில் மிதித்து நசுக்குகிற கேம் வந்தால், அது வேறு கேம். லேபிளை நம்பி வாங்கியது நம் தலையெழுத்து, பெட்டியைக் குறை சொல்லக் கூடாது.

அறிகுறி: தலையில் குதித்தாலும் சாகவில்லை

தோட்டப்பாளையத்திலிருந்து ஒரு பையன் கேசட்டை மேசையில் வைத்து, "இன்னாண்ணா, இவன் மண்டைமேல எவ்ளோ தபா குதிச்சாலும் சாவ மாட்டன்றான், கேசட்டு பூட்ச்சி போல" என்றான்.

பழுதில்லை. இந்த கேமில் தலையில் குதித்தால் அவன் உங்களைச் சுமந்துகொண்டு நடப்பான், அவ்வளவுதான். அப்படி நின்றபடி பி பட்டனை அழுத்தினால் தலைக்கு மேல் தூக்கலாம். தூக்கி இன்னொருவன் மேல் எறியுங்கள். தரையில் புல்லைப் பார்த்தால் பிடுங்குங்கள், அடியிலிருந்து காய் வரும். அதுவும் எறிவதற்குத்தான்.

தூக்கவே வரவில்லை என்றால் கீழே 'பி பட்டன் வேலை செய்யவில்லை' என்ற இடத்துக்குப் போங்கள்.

அறிகுறி: ஒருவன் விளிம்பில் திரும்புகிறான், இன்னொருவன் விழுந்து சாகிறான்

பழுதில்லை. சிவப்பு அங்கிக்காரன் மேட்டின் விளிம்பில் நிற்காமல் போய் விழுவான். இளஞ்சிவப்பு அங்கிக்காரன் விளிம்பு வந்ததும் திரும்பிவிடுவான். முகமூடியில் குழாய் வைத்துக் குண்டு துப்புகிறவன் தனி ஆள், ஸ்னிஃபிட். அவன் துப்பினால் கேசட் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை.

உங்கள் டிவியில் சிவப்பும் இளஞ்சிவப்பும் ஒன்றாகத் தெரிந்தால் டிவியின் கலர் அளவைக் குறையுங்கள். பாட்டுச் சானலுக்காகக் கலரை முழுக்கத் திருகி வைத்திருக்கிற வீடுகளில் இந்தக் குழப்பம் வரும்.

அறிகுறி: சாவியை எடுத்தால் திருஷ்டி மூஞ்சி துரத்துகிறது, ஒவ்வொரு முறையும் சாகிறேன்

துரத்துவது பழுதில்லை. ஒவ்வொரு முறையும் சாவதற்குத்தான் காரணம் தேட வேண்டும். இதில் நான்கு கிளை இருக்கிறது, ஆட்டத்தில் ஒன்றும் பொருளில் மூன்றும்.

கிளை 1: ஆடும் முறை. சாவி கையில் இருக்கும்வரைதான் அது துரத்தும். கீழே போட்டால் விலகிப் பறந்துவிடும். சுவர், கதவு எதையும் அது மதிக்காது, கதவைத் தாண்டினாலும் பின்னாலேயே வரும். ஆனால் ஒரே நேர்கோட்டில் வருவதில்லை. ஊஞ்சல்போல வீசிக்கொண்டு வந்து, உங்களைத் தாண்டிப் போய், திரும்பி வரும். அது மேலே பாயும்போது சாவியை முன்னால் எறியுங்கள், அது விலகட்டும், ஓடிப்போய் மறுபடி எடுங்கள். முதல் சாவி 1-2 கட்டத்தில், அதாவது முதல் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில், ஜாடிக்குள் இருக்கும். பறக்கும் கம்பளத்தில் ஏறிக் கடந்ததும் வரும் இடம். இங்கே பழகிக்கொண்டால் மற்ற இடங்களில் பாதிக் கஷ்டம் இல்லை.

ஆளையும் மாற்றிப் பாருங்கள். இளவரசி மிதப்பாள், ஆனால் சுமை தூக்கினால் நடை தளரும். குட்டையாக இருக்கிற டோட் சுமையோடும் வேகம் குறையாமல் ஓடுவான். சாவிக் கட்டங்களுக்கு அவன்தான். வீட்டில் எல்லோரும் மரியோவை மட்டுமே எடுப்பேன் என்று அடம்பிடிப்பது ஏன் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

கிளை 2: சாவி கையில் நிற்கவில்லை. எடுத்த உடனே தானாக விழுகிறதா? முதலில் உங்கள் கட்டைவிரலைப் பாருங்கள். பி பட்டனால்தான் எடுக்கிறோம், எறிகிறோம், வேகமாக ஓடுகிறோம். எடுத்ததும் விரலை விட்டு, ஓடுவதற்காக மறுபடி அழுத்தினால் அது எறிவதாகக் கணக்கு. எடுக்கும்போது அழுத்திய விரலை விடாமல், அழுத்தியபடியே ஓட வேண்டும். என்னிடம் 'சாவி நழுவுது' என்று வந்தவர்களில் பெரும்பாலோர் இந்த ஒரு வரியோடு வீட்டுக்குப் போனார்கள்.

விரல் சரியாக இருந்தும் சாவி துள்ளித் துள்ளி விழுந்தால் டர்போ பட்டனைப் பாருங்கள். நம் ஊர்ச் சந்தையில் வந்த ஜாய்ஸ்டிக்குகளில் ஏ, பி தவிர மேலே இன்னும் இரண்டு பட்டன் இருக்கும். அவை ஒரு முறை அழுத்தினால் பத்து முறை அழுத்தியதுபோல வேலை செய்யும். சண்டை கேமுக்கு நல்லது, சாவிக்கு விஷம். விரல் அங்கே பட்டாலும், அந்த பட்டன் உள்ளே ஒட்டிக்கொண்டாலும் எடு, எறி, எடு, எறி என்று போகும். ஜாய்ஸ்டிக்கைக் கவிழ்த்துத் தட்டுங்கள். பட்டனைச் சுற்றி ஒட்டியிருக்கும் குளிர்பானப் பிசுக்கைத் துடையுங்கள்.

கிளை 3: அழுத்துவதற்கும் குதிப்பதற்கும் இடையே தாமதம். பழைய குண்டு டிவியில் நன்றாக ஆடியவர் புது எல்இடி டிவியில் சாகிறார் என்றால் காரணம் டிவிதான். டிவி மெனுவில் படத்தேர்வுக்குள் 'கேம்' என்று இருந்தால் அதை வையுங்கள், செலவில்லை. மஞ்சள், வெள்ளை, சிவப்பு வயரை ஹெச்டிஎம்ஐ ஆக்குகிற சின்னப் பெட்டி நடுவில் இருந்தால் அதைக் கழற்றிவிட்டு நேராக ஏவி ஓட்டையில் சொருகிப் பாருங்கள். இரண்டும் செய்தும் தாமதம் இருந்தால், பக்கத்து வீட்டில் குண்டு டிவி இருக்கிறதா என்று விசாரியுங்கள். அதிலும் அதே தாமதம் என்றால்தான் ஜாய்ஸ்டிக்கைச் சந்தேகிக்க வேண்டும்.

கிளை 4: பட்டன் சில நேரம் பிடிக்கிறது, சில நேரம் இல்லை. அடுத்த அறிகுறியைப் பாருங்கள்.

அறிகுறி: பி பட்டன் வேலை செய்யவில்லை, யாரையும் தூக்க முடியவில்லை

ஒரு பட்டன் மட்டுமா, எல்லாமா? இதுதான் கேள்வி.

ஒன்று மட்டும் செத்திருந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்திருக்கும், அல்லது அழுக்கு. பின்பக்க ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள், ரப்பர் தகட்டை எடுங்கள். அதன் அடியில் கறுப்புக் கார்பன் வட்டங்கள் இருக்கும். பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்து அந்த வட்டத்தையும், அது போய்த் தொடும் பலகையையும் மெதுவாகத் துடையுங்கள். உரசித் தேய்த்தால் கார்பனே போய்விடும். துடைத்தும் பிடிக்கவில்லை என்றால் அதிகம் பயன்படுத்தாத செலக்ட் பட்டன் ரப்பரை வெட்டி பி-க்கு வைத்துச் சோதிக்கலாம். பிடித்துவிட்டால் வேறு பழைய ஜாய்ஸ்டிக்கிலிருந்து ரப்பர் எடுத்துப் போடுங்கள்.

எல்லாமே செத்திருந்தால் வயர். பெட்டிப் பக்கமும் ஜாய்ஸ்டிக் பக்கமும் வயர் மடங்கும் கழுத்தில்தான் அறுந்திருக்கும். உள்ளே ஓடுவது ஐந்து மெல்லிய கம்பி, அதில் ஒன்று அறுந்தாலும் மொத்தமும் போகும். ஆடும்போது கழுத்தை இப்படியும் அப்படியும் வளைத்துப் பாருங்கள், திடீரென்று உயிர் வந்தால் இடம் அதுதான். அந்த இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டு நிறம் பார்த்துப் பற்றவைக்க வேண்டும். சால்டரிங் தெரிந்தால் நீங்களே, தெரியாவிட்டால் தெருமுனை ரேடியோ மெக்கானிக் பத்து நிமிடத்தில் முடிப்பார்.

அறிகுறி: முகமூடிக்காரன் மின்னுகிறான், நாலைந்து பேர் சேர்ந்தால் மறைந்து மறைந்து வருகிறான்

எண்ணிப் பாருங்கள். ஒரே வரிசையில் நீங்களும் மூன்று முகமூடிக்காரர்களும் இருக்கும்போது தெளிவாக இருந்து, நான்காவது ஆள் வந்ததும் மின்ன ஆரம்பித்தால் பழுதில்லை. இந்தப் பெட்டி ஒரு கிடைக்கோட்டில் எட்டு சிறு துண்டுகள்தான் வரையும். ஒரு முகமூடிக்காரனின் அகலம் இரண்டு துண்டு. எட்டுக்கு மேல் போனதை மாற்றி மாற்றிக் காட்டும். போனில் எமுலேட்டரில், அதாவது இந்தப் பெட்டியைப்போல வேலை செய்யும் ஆப்பில், ஆடுகிறவர்கள் அமைப்புகளில் இந்த வரம்பை நீக்கிக்கொள்ளலாம், பெட்டிக்காரர்கள் பொறுத்துப் போக வேண்டியதுதான்.

திரையில் அவன் ஒருவனே இருக்கும்போதும் மின்னினால் அடுத்ததற்கு வாருங்கள்.

அறிகுறி: முகம் ஒரு பக்கம், உடல் ஒரு பக்கம், முகமூடி இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் கோடுமாக இருக்கிறது

இது நிஜப் பழுது. நல்ல செய்தி, பெரும்பாலும் அழுக்குத்தான்.

கேம் ஓடுகிறது, பாட்டு வருகிறது, படம் மட்டும் கந்தல் என்றால் கேசட்டில் படம் தரும் பக்கத்து உலோகப் பற்கள் சரியாகத் தொடவில்லை. திரை ஒரே சாம்பல் அல்லது ஒரே நீலமாக நின்றுவிட்டால் கேமை ஓட்டும் பக்கம் தொடவில்லை. இரண்டுக்கும் முதல் மருந்து ஒன்றே.

பெட்டியை அணையுங்கள். அணைக்காமல் கேசட்டைப் பிடுங்கும் பழக்கம்தான் பல கேசட்டுகளின் உயிரை எடுத்தது. வெளியே எடுத்து, மறுபடி நேராக, இரு பக்கமும் சமமாக அழுத்திச் சொருகுங்கள். பாதிப் பேருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஊதாதீர்கள். எங்கள் தலைமுறை முழுக்க ஊதியே வளர்ந்தது, தெரியும். ஊதியபின் ஓடுவதற்குக் காரணம் காற்றில்லை, எடுத்துத் திரும்பச் சொருகியதுதான். எச்சில் ஈரம் செம்பில் பச்சை பிடிக்க வைக்கும்.

பல்லைப் பாருங்கள். கேசட்டை வெளிச்சத்தில் சாய்த்தால் வரிசையாகத் தங்கநிறக் கோடுகள் தெரியும், ஜப்பான் அளவுக் கேசட்டில் 60, அமெரிக்க அளவில் 72. கறுத்திருந்தால் ஆல்கஹால் நனைத்த காது பஞ்சால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள், குறுக்கே வேண்டாம். வேலூரில் இதற்கு அலைய வேண்டியதில்லை, காந்தி ரோட்டில் பத்தடிக்கு ஒரு மருந்துக் கடை. 'சர்ஜிக்கல் ஸ்பிரிட்' என்று கேட்காமல் ஐசோபுரொப்பைல் என்றே கேளுங்கள், சில ஸ்பிரிட்டில் எண்ணெய்ப் பசை இருக்கும். துடைத்தும் போகாத கறுப்புக்குப் பென்சில் அழிக்கும் வெள்ளை ரப்பரால் இரண்டு இழுப்பு. உப்புத்தாள் வேண்டவே வேண்டாம்.

துடைத்த கேசட் காயும்வரை பெட்டியின் வாயைப் பாருங்கள். சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பெட்டி வந்தது. எந்தக் கேசட் போட்டாலும் முகமூடிக்காரனுக்குப் பாதி முகம்தான். டார்ச் அடித்துப் பார்த்தேன், உள்ளே பற்களுக்கிடையில் மஞ்சளாக ஏதோ காய்ந்து போயிருந்தது. குச்சியால் சுரண்டி மூக்கில் வைத்தால் சந்தன வாசனை! ஆயுத பூஜைக்கு வீட்டில் டிவி, மிக்சி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் வைத்ததுபோல இதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள், கேசட் போடும் வாயிலேயே. அந்த அம்மாவிடம், "பொட்டு மூடிமேல வைங்கம்மா, வாய்ல வேணாம்" என்றேன். "சாமிக்கு வெச்சதுனால போயிடுமா தம்பி?" என்று கேட்டார். சாமிக்கு ஒன்றும் ஆகாது, 60 பல்லில் ஏழு பல் அடைத்துவிட்டது. பழைய பல்துலக்கி, ஆல்கஹால், அரை மணி நேரம். முழு முகம் வந்துவிட்டது.

அப்படியும் சரியாகவில்லையா? இப்போது பிரித்துப் பாருங்கள்:

வேறு கேசட் இதே பெட்டியில் நன்றாக ஓடுகிறது என்றால் குற்றவாளி கேசட்.
இதே கேசட் நண்பர் வீட்டுப் பெட்டியில் நன்றாக ஓடுகிறது என்றால் குற்றவாளி உங்கள் பெட்டியின் வாய். உள்ளே வளைந்த பற்களைக் குண்டூசியால் மிக லேசாக நிமிர்த்தலாம், கை நடுங்குகிறவர்கள் மெக்கானிக்கிடம் கொடுக்கவும்.

கேசட்தான் என்று உறுதியானால் திறந்து பாருங்கள். உள்ளே காலுள்ள சிப்புகள் இருந்தால் கால் வெடித்த இடத்தில் ஈயம் தொட்டு மீட்கலாம். கால்களே இல்லாமல் பலகைமேல் கறுப்பாக உருகிய பொட்டு மட்டும் இருந்தால், அந்தப் பொட்டுக்குள் போன பழுதை எந்த மெக்கானிக்காலும் எடுக்க முடியாது. 'பார்க்கிறேன், வெச்சிட்டுப் போ' என்கிறவரிடம் காசு கொடுக்காதீர்கள். வேறு கேசட் தேடுங்கள். ஆயிரக்கணக்கில் கேம் என்று அச்சடித்த மலிவுக் கேசட்டுகளில் இந்த கேம் பெரும்பாலும் இருக்காது, தனிக் கேசட்டாகவே கேட்டு வாங்க வேண்டும்.

அறிகுறி: துரத்தல் நடுவே படம் உறைகிறது, அல்லது ஆட்டம் முதல் திரைக்குத் திரும்பிவிடுகிறது

எப்போது நடக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கேசட்டையோ பெட்டியையோ கால் இடறினால் நடக்கிறது என்றால்: முந்தைய அறிகுறியின் சுத்தம் செய்யும் பகுதி.

சாயந்திரம் மட்டும் நடக்கிறது என்றால்: வீட்டில் லோ வோல்டேஜ். எல்லா வீட்டிலும் ஏசி ஓடும் மே மாதத்தில் இது அதிகம். ஸ்டெபிலைசரில் போட்டுப் பாருங்கள்.

அரை மணி நேரம் ஆடியபின் நடக்கிறது, ஆறவைத்தால் சரியாகிறது என்றால்: சூடு. வெயிலூர் என்று நம் ஊரைச் சும்மா சொல்வதில்லை. பெட்டியை மெத்தைமேலும் டிவிக்குப் பின்னாலும் வைக்காதீர்கள். உள்ளே 7805 என்று எழுதிய மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்று அலுமினியத் தகட்டோடு சேர்ந்திருக்கும். தகட்டின் ஸ்க்ரூ தளர்ந்திருந்தால் இறுக்குங்கள். பல பெட்டிகளில் தகடே ஒரு பேருக்குத்தான் இருக்கும், கொஞ்சம் பெரிய தகடு போட்டால் போதும்.

எப்போது வேண்டுமானாலும் நடக்கிறது என்றால்: அடாப்டர். மல்ட்டிமீட்டர் இருந்தால் பெட்டி ஓடும்போதே 7805-இன் முதல் காலையும் மூன்றாம் காலையும் நடுக்காலோடு அளந்து பாருங்கள். முதல் காலில் 7 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டர் தளர்ந்துவிட்டது. முதல் காலில் போதுமான அளவு இருந்தும் மூன்றாம் காலில் 5 வோல்ட் வரவில்லை என்றால் ரெகுலேட்டர். இரண்டில் ரெகுலேட்டர்தான் மலிவு, சில்லறைக் காசில் கிடைக்கும்.

புது அடாப்டர் வாங்கும்போது வோல்ட்டை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். அதன்மேல் நடுப்புள்ளி, சுற்றி அரைவட்டம், இரு பக்கமும் கூட்டல், கழித்தல் குறி போட்ட சின்னப் படம் இருக்கும். பழைய அடாப்டரில் நடுப்புள்ளிக்கு எந்தக் குறியோ அதுவேதான் புதியதிலும் இருக்க வேண்டும். மாறினால் முதல் தடவையே புகை. பழைய அடாப்டரைப் பிரித்துப் பார்க்கும் ஆசை வேண்டாம், அதற்குள் 230 வோல்ட் நேராக வருகிறது.

அறிகுறி: எல்லாம் கறுப்பு வெள்ளை, அல்லது படம் உருளுகிறது

பெட்டி அமெரிக்க, ஜப்பான் முறையில் சிக்னல் அனுப்புகிறது, உங்கள் பழைய டிவிக்கு நம் ஊர் 'பால்' (PAL) என்ற சிக்னல் முறை மட்டும் தெரியும். டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்ற இடத்தில் 'ஆட்டோ' வையுங்கள். அந்த வசதி இல்லாத டிவி என்றால் வேறு டிவிதான் வழி. படத்தில் கிடைமட்டமாகப் பட்டை ஏறிக்கொண்டிருந்தால் பெட்டிக்குள் இருக்கும் பெரிய கண்டென்சர் காய்ந்திருக்கும், மெக்கானிக்குக்கு அது தினசரி வேலை.

முகமூடிக்காரன் சோம்பலாக நடக்கிறான், பாட்டும் இழுக்கிறது என்றால் நொடிக்கு 60 படத்துக்கு எழுதிய கேமை உங்கள் பெட்டி 50-இல் ஓட்டுகிறது. பழுதில்லை. சொல்லப்போனால் திருஷ்டி மூஞ்சியிடமிருந்து தப்பிக்க அதுவே வசதி.

அறிகுறி: நேற்று நான்காம் உலகம்வரை போனேன், இன்று முதலிலிருந்து ஆரம்பிக்கிறது

இந்தக் கேசட்டில் சேமிக்கும் வசதியே இல்லை. மொத்தம் ஏழு உலகம், 20 கட்டம், ஒரே உட்காரலில் முடிக்க வேண்டும். பாட்டரி போடச் சொல்லி யாராவது காசு கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் போகும் இடம்

குண்டு டிவியின் பின்மூடியை மட்டும் நீங்கள் திறக்கக் கூடாது, அணைத்து வைத்திருந்தாலும் அதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும். அடாப்டரின் உட்பகுதி, டிவியின் உட்பகுதி, பெட்டியின் வாயை மொத்தமாக மாற்றுவது, இந்த மூன்றுக்கும் ஆள் வேண்டும்.

போகும்போது பெட்டியை மட்டும் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அடாப்டர், ஜாய்ஸ்டிக், தகராறு செய்யும் கேசட், நன்றாக ஓடும் இன்னொரு கேசட், எல்லாம் ஒரே பையில். முடிந்தால் பழுது தெரியும் நேரத்தில் போனில் அரை நிமிட வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்கு வந்ததும் முகமூடிக்காரன் ஒழுங்காக நடப்பான், காலங்காலமாக அவனுடைய வழக்கம் அது.